ஏழாம் எண் புட்டி

இடி பிறந்தபோது அழுத அழுகையில் பிரசவ அறைச் சன்னலில் மூன்று கண்ணாடிகள் விரிசல் விட்டன என்பார்கள். நான் ஒன்றைத்தான் நம்புகிறேன். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அப்பா லாரிப் பட்டறையில் வெல்டர். அம்மா மருத்துவமனைத் துணிகளை வெளுத்து இஸ்திரி போடுகிறவர். மேலே மூன்று அண்ணன்கள், வீட்டில் ஒரே குளியலறை. காலையில் முகம் கழுவுவதற்கே மூன்று பேரை அடித்துத் தள்ள வேண்டியிருந்ததால், பத்து வயதிலேயே அவள் கைமுட்டியில் தோல் தடித்துப் போயிருந்தது.

மருந்தியல் கல்லூரியில் சேர்ந்தாள். அங்கே மருந்தியலாளர் சங்கத்துக்கு ஒரு மாணவர் கிளை உண்டு. சங்கத்தில் பெரியவர்கள் கூடி ஆராய்ச்சி பேசுவார்கள். கிளையில் பிள்ளைகள் கூடி, யார் செயலாளர் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இடி நின்ற தேர்தலில் எதிரணிக்காரன் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். மாடிப்படியில் மடக்கி, அதே பெட்டியால் அவன் தலையில் ஒன்று போட்டாள். நான்கு தையல். அவனும் அவளுக்குத்தான் வாக்குப் போட்டிருந்தான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பிவிட்டது நானில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் செயலாளர் ஆனதும் அவளைப் போல வேலை செய்தவர் கிடையாது. ஆண்டு விழாக் கண்காட்சிக்கு, பக்கத்துத் தெருக் கடைகளில் விற்கும் மாத்திரைகளைச் சோதித்து, முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி எழுதி ஒட்டுவது என்று தீர்மானம் போட்டாள். கூடவே ஒரு விதியும் போட்டாள்.

"எந்தக் கடை, எந்தக் கம்பெனின்னு சோதிக்கிறவங்களுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா கை சாயும்."

அதன்படி கிளையின் பொருளாளர் சோடாபுட்டி, மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, எண் ஒட்டிய வெறும் புட்டிகளில் போட்டுக் கொடுத்தான். எந்த எண் எந்தக் கடை என்கிற பட்டியல் அவன் சட்டைப்பையில். அட்டைகள் குப்பைக்கூடையில்.

மாத்திரை கரைகிறதா என்று பார்க்கும் கருவியில் ஆறு கண்ணாடிக் குழாய்கள் உண்டு. குழாய்க்கு ஒரு மாத்திரை. வயிற்றிலிருக்கும் அமிலத்தைப் போன்ற வெதுவெதுப்பான திரவத்தில் அவை மூழ்கி எழுந்து, மூழ்கி எழுந்து ஆடிக்கொண்டிருக்கும். முதல் ஆறு புட்டிகளின் மாத்திரைகள் நல்லபடியாகக் கரைந்தன. ஏழாம் எண் மட்டும் இரண்டு மணி நேரம் ஆடியும் போட்டது போட்டபடி கிடந்தது.

"இது மாத்திரையா, கூழாங்கல்லா?" என்றாள் இடி. சோடாபுட்டியின் பையிலிருந்து பட்டியலைப் பிடுங்கினாள். கல்லூரிக்கு எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டியிருக்கும் மருந்துக்கடை. மூட்டுவலி மாத்திரை. அட்டை போல் தடித்த தாளில், சிவப்பு மையில் எழுதினாள்: 'இரண்டு மணி நேரமாகியும் கரையவில்லை. நீங்கள் விழுங்குவது கல்.' கீழே கடையின் பெயர். நுழைவுக்கூடத்தில் கண்காட்சி திறந்த அரைமணி நேரத்தில் அந்தத் தாளுக்கு முன்னால்தான் அதிகக் கூட்டம்.

மேசையைச் சுத்தம் செய்யப் போன சோடாபுட்டி, குப்பைக்கூடையைக் கவிழ்த்தபோது அலறினான்.

"இடி! இந்த அட்டையப் பாரு! 'குடலில் கரைவது'ன்னு போட்டிருக்கு. வயித்தைப் புண்ணாக்கக் கூடாதுன்னு மேல பூச்சு பூசின மாத்திரைடி இது. அமிலத்துல கரையவே கூடாது!"

இரண்டாம் ஆண்டுப் பாடம் அது. இடிக்கு மனப்பாடம். ஆனால் அட்டையைப் பார்க்கக் கூடாது என்று விதி போட்டவளே அவள். அமிலத்தைக் கொட்டிவிட்டு, குடலில் உள்ளது போன்ற காரத் திரவத்தை ஊற்றி, அதே ஆறு மாத்திரைகளை ஆடவிட்டாள். இருபது நிமிடத்தில் ஆறும் கரைந்து திரவம் கலங்கியது. தாளைக் கிழிக்க ஓடினாள். சுவரில் பசை மட்டும்தான் இருந்தது.

"ஒரு பஸ் டிரைவர் கிழிச்சுட்டுப் போனாரு," என்றாள் வாசலில் பதிவேடு வைத்திருந்த பெண். "அவர் பொண்டாட்டி மூணு வாரமா அந்த மாத்திரைதான் சாப்பிடறாங்களாம். எந்திரிக்க முடியலையாம். பின்னாடியே முப்பது பேர் போறாங்க."

முப்பது என்று அவள் சொன்னாள். தெருவில் முந்நூறு இருந்தது. இதில் மிகை இல்லை.

கடையின் கண்ணாடி அலமாரிகள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம் கல்லூரி வாசலுக்கே கேட்டது. இருமல் மருந்து படிக்கட்டில் வழிந்து ஓட, அதில் வழுக்கி விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் ஏறினார்கள். கடைக்காரரைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கல்லாவுக்கு மேலாக இழுத்துப் போட்டார் ஓட்டுநர்.

"கல்லையாடா குடுத்தே? என் வீட்டுக்காரிக்குக் கல்லையா குடுத்தே?"

"அண்ணே, கம்பெனி மருந்துண்ணே, அட்டையப் படிச்சுப் பாருங்க..." என்று கடைக்காரர் சொல்லி முடிப்பதற்குள் வாயில் ஒரு குத்து விழுந்தது. கண்ணாடிச் சில்லின் மேல் முகம் அமுங்க, எட்டுப் பத்துக் கால்கள் அவர் விலாவைத் தேடின. ஒருவன் இரும்பு ஷட்டரின் கொக்கியைக் கழற்றி ஓங்கினான்.

இடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். பிளந்தாள் என்றால் கையால் மட்டுமில்லை. ஒருவன் காதைக் கடித்தாள். விழுந்து கிடந்தவருக்குக் குறுக்கே காலை விரித்து நின்றாள்.

"நிறுத்துங்கடா! போஸ்டர் எழுதினது நான்! நான் எழுதினது தப்பு! மருந்து நல்ல மருந்து!"

"இவன் உனக்கு என்ன சொந்தம்? மாமனா, மச்சானா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு சொந்தமும் இல்ல. நான்தான் தப்பா சோதிச்சேன். அடிக்கணும்னா என்னை அடி!"

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஓட்டுநர் ஏற்கெனவே ஓங்கியிருந்த, கடையின் இரும்பு முக்காலி அவள் இடது கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பட்டாசு போலக் கேட்டது. அவள் விழவில்லை. தொங்கும் கையோடு அதையே திரும்பத் திரும்பக் கத்தினாள்: "தப்பு என்னோடது! தப்பு என்னோடது!" ஏழெட்டு முறை ஆனபிறகுதான் பின்வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போலீஸ் வண்டி வந்தபோது முந்நூறு பேர் முப்பதாகி, ஓட்டுநர் மட்டும் முக்காலியோடு நின்றார்.

கடைக்காரருக்கு மூன்று விலா எலும்பு போயிற்று, ஒரு கண்ணும் போயிற்று. புகார் எழுந்துவிட்டதால் கடையின் உரிமத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

கல்லூரி முதல்வர் இடியைக் கூப்பிட்டார். "'பயிற்சிக்காக மாணவர்கள் செய்தது, முடிவு உறுதி செய்யப்படவில்லை'ன்னு ரெண்டு வரி எழுதிக் குடும்மா. யார் மேலயும் பழி வராது. கிளையும் தப்பிக்கும்."

"அப்ப மருந்து நல்லதா கெட்டதான்னு அதுல வராதே சார்."

"அது எதுக்கு நமக்கு?"

வலது கையால் நான்கு பக்கம் எழுதினாள். என்ன சோதனை, எங்கே தவறு, யார் போட்ட விதி, எல்லாம் இருந்தது. கிளையை இரண்டு வருடத்துக்கு மூடினார்கள், அவள் பதவியும், சங்கம் தரவிருந்த பாராட்டுப் பட்டயமும் போயின. கடைக்காரருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது.

கடையைத் திறந்து ஒரு வாரம் ஆகியும் ஈ கூட உள்ளே வரவில்லை. ஒருநாள் கடைக்காரர், கண்ணில் கட்டோடு, இடியின் வீட்டுக்கு வந்தார். அம்மா பயந்துபோய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"நீ எழுதின நாலு பக்கம் ஆபீஸ் பைல்ல தூங்குது. ஜனங்க படிச்சது உன் சிவப்பு மையைத்தான். நாளையிலிருந்து என் கடை வாசல்ல நில்லு. வரவங்க போறவங்க கிட்ட உன் வாயால சொல்லு."

"எத்தனை நாள்ணே?"

"என் கடைக்கு ஆள் வர வரைக்கும்."

கல்லூரி விட்டதும் போய் நின்றாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு, பேருந்துக்குக் காத்திருந்த ஒவ்வொருவரிடமும், தான் செய்த தப்பை முதலிலிருந்து சொன்னாள். ஒருவர் சிரித்தார். ஒரு கிழவி அவள் காலடியில் துப்பினார். வம்பு கேட்கவென்றே சிலர் தினமும் வந்து, சும்மா நிற்க வெட்கப்பட்டு இருமல் மருந்து வாங்கிப் போனார்கள். மாவுக்கட்டுப் பிரித்த வாரம் கடையில் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். எட்டாவதாக ஜாமீனில் வந்திருந்த ஓட்டுநர்.

இடி அவரிடமும் சொன்னாள், முதலிலிருந்து. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்காரிக்கு வலி தாங்கல. அதே மாத்திரை," என்று மருந்துச் சீட்டை நீட்டினார்.

கடைக்காரர் சீட்டை ஒற்றைக் கண்ணால் இருமுறை படித்தார். அலமாரிக்குப் போய் மாத்திரையை எடுத்து வந்து கல்லாமேல் வைத்தார். வைத்த கையை எடுத்து, ஓட்டுநரின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். வரிசையில் நின்ற ஏழு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

ஓட்டுநர் கன்னத்தைத் தடவினார். முஷ்டி மடங்கியது. இடி நடுவில் புகக் காலை எடுத்து வைத்தாள். முஷ்டி பிரிந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டது.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி," என்றார் கடைக்காரர். "உடைக்காம முழுங்கச் சொல்லு. அடுத்து யாருப்பா?"