ராமாத்தாளின் இருநூற்றுப் பதினேழு கிலோ

ராமாத்தாள் மோட்டார் சைக்கிள் வாங்கிய செய்தி, அவள் அதை வீடு கொண்டுவந்து சேர்ப்பதற்கு முன்பே அமெரிக்காவின் ஆலன் நகரில் இருக்கிற கொங்குக் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் சுற்றி முடித்துவிட்டது. ஐம்பத்தொரு வயது. ஐந்தடி ஓரங்குலம். இருபது வருஷமாக ஆஸ்பத்திரி லேபில் அடுத்தவர் ரத்தத்தைச் சோதிக்கிற வேலை. மகள் வெண்பா ஆஸ்டினில் காலேஜ் சேர்ந்து, வீட்டில் அடுப்பு வேலை பாதியாகக் குறைந்த பிறகுதான் அந்த ஆசை வாய்விட்டு வெளியே வந்தது. கம்யூனிட்டி காலேஜ் பார்க்கிங் லாட்டில் வகுப்பு, பிறகு லைசென்ஸ், பிறகு யாரோ ஓட்டிவிட்டு விற்ற கருநீல வண்டி ஒன்று. எடை இருநூற்றுப் பதினேழு கிலோ.

"எதுக்கு ராமாத்தா? கார் ஓடலையா?" என்று கேட்டார் கணவர் கருப்பசாமி.

"கார்ல ஏறுனா போய்ச் சேர்றேனுங்க. இதுல ஏறுனாத்தானுங்க போறேன்."

அவர் லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதுகிற சாஃப்ட்வேர் எங்கே உடையும் என்று தேடித் தேடியே தலை நரைத்தவர். மனைவி ஹெல்மெட்டை மாட்டிக் கிளம்பினால், அவள் திரும்பி வந்து கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை லேப்டாப்பில் ஒரு வரி ஓடாது.

ஆனால் அவர் பயந்த ஃப்ரீவேயில் அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. வேகத்தில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்டது. நடக்கிற வேகத்துக்கு இறங்கினால்தான் அது வேறு ஆளாகிவிடும். கால் நுனி மட்டுமே தரையில் படுகிற ராமாத்தாள், பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு தடவை, பக்கத்து வீட்டு மெயில்பாக்ஸ் அருகே ஒரு தடவை என்று முதல் மாதத்திலேயே இரண்டு முறை சாய்த்துவிட்டாள். பூஜை போடாமல் எடுத்ததுதான் காரணம் என்று கருப்பசாமி அடித்துச் சொன்னார். மூன்றாவது முறை விழுந்தது அந்தப் பூஜையில்தான்.

கோவில் பார்க்கிங் லாட். குருக்கள் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, "மெதுவா ஏத்துங்கோ அம்மா" என்றார். அவள் மெதுவாகத்தான் ஏற்றினாள். பழம் நசுங்கியது. ஹேண்டில்பார் இடது பக்கம் திரும்பியிருந்த அந்த நொடியில், அர்ச்சனைத் தட்டோடு ஓர் அம்மாள் குறுக்கே வந்தார். ராமாத்தாள் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால், எப்பேர்ப்பட்ட வண்டியும் அந்தப் பக்கமே சாயும்.

அப்போதுகூட அவள் விலகியிருக்கலாம். ஆனால் தாராபுரத்தில் காலேஜுக்கு மொபெட் ஓட்டிப் பழகிய கை அது. மொபெட் சாய்ந்தால் இடுப்பைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்துவிடலாம். அதே நினைப்பில் அவள் இதையும் தாங்கிப் பிடித்தாள். அடுத்த கணம் கிளட்ச் லீவர் முறிந்து கிடந்தது, டேங்கில் தேங்காய் மூடி அளவுக்குப் பள்ளம், இடது கணுக்கால் வண்டிக்கு அடியில். நான்கு பேர் சேர்ந்து தூக்கினார்கள். கருப்பசாமி தூக்கவில்லை. அவர் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எலும்பு முறியவில்லை. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் அவர்தான் சமைத்தார். ஒருநாள் ரசம் ஊற்ற வந்தவர் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டார்.

"ராமாத்தா, உன் கால் அதுக்கடியில கெடந்ததை நான் கண்ணால பாத்துட்டேன். கண்ணை மூடுனா அதுதான் வருது. வித்துரலாமா?"

இருபத்தாறு வருஷத்தில் அவர் கண்ணில் அவள் தண்ணீரைப் பார்த்தது அதுதான் இரண்டாவது முறை. முதல் முறை வெண்பா பிறந்த அன்று. அவள் என்ன செய்வாள்? "சரிங்க" என்றாள். பிறகு நொண்டிக்கொண்டே கராஜுக்குப் போய், வண்டியின் டேங்கில் கை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றாள்.

கட்டுப் பிரித்த பிறகு, உடைந்த வண்டியை விற்பது கேவலம் என்று, தானே ரிப்பேர் பார்க்க உட்கார்ந்தாள். டேங்கின் பள்ளத்தை எடுக்க ஆள் வந்தது. புது கிளட்ச் லீவரை அவளே போட்டாள். கிளட்ச், பிரேக் லீவர் இரண்டையும் ஹேண்டில்பாரோடு இறுக்கிக் கட்டாமல், விழுந்தால் முறியாமல் சுழன்றுகொள்கிற அளவுக்கு ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தாள். கடைசியாக, எஞ்சினின் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கிற தடித்த இரும்புக் கம்பிகள், ஊரில் கிராஷ் கார்டு என்போமே அது, பார்சலில் வந்து இறங்கின.

"விக்கற வண்டிக்கு எதுக்கு இது?" என்றார் கருப்பசாமி.

"பொண்ணைக் கட்டிக்குடுக்கறப்ப வெறுங்கழுத்தோடயா அனுப்புவீங்க?"

அவர் ஆபீஸ் போன பிறகு வேறொன்றும் நடந்தது. பழைய மெத்தை ஒன்றைக் கராஜில் விரித்து, வண்டியை அதன்மேல் படுக்க வைத்து, தனியாகத் தூக்கிப் பழகினாள். வெண்பா வீடியோ காலில் வாத்தியார். "அம்மா, ஃபர்ஸ்ட் ரூல். டோன்ட் கேட்ச் இட். ஜஸ்ட் ஸ்டெப் அவே."

"எப்படிக் கண்ணு, உழுகறதைப் பாத்துட்டு சும்மா நிக்கறது?"

"ஸ்டீல் பார்ஸ் உன் கணுக்காலைவிட சீப்மா."

மூன்று நாள் வண்டி அசையவில்லை. நான்காவது நாள் எழுந்தது. போகப்போகிற வண்டியைத் தூக்கக் கற்று என்ன பயன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பாள்.

சனிக்கிழமை காலை இர்விங்கிலிருந்து சாய்ராம் என்கிற பையன் வண்டி பார்க்க வந்தான். ஆறடி உயரம், சென்னையில் பன்னிரண்டு வருஷம் புல்லட் ஓட்டியவன். "ஆன்ட்டி, ஒரு ரவுண்ட் போய்ட்டு வரட்டா?" என்று ஏறினான். அவனுக்கு இரண்டு காலும் தரையில் பதிந்தன. அதைப் பார்க்க ராமாத்தாளுக்குப் பொறாமையாக இருந்தது. பத்து நிமிஷத்தில் சிரித்த முகத்தோடு திரும்பினான். டிரைவ்வேயின் மேட்டில், நடக்கிற வேகத்தில், வலது பக்கம் வளைந்து ஏறினான். நிறுத்தலாம் என்று முன் பிரேக்கைப் பிடித்தான்.

"அச்சோ" என்றார் கருப்பசாமி.

சாய்ராமும் தாங்கத்தான் பார்த்தான். ஆறடியும் உதவவில்லை. வண்டி சாய்ந்தது, அவன் வலது கால் அடியில் போனது.

கருப்பசாமி ஓடினார். அவர் முகம் கோவிலில் இருந்த அதே முகம். ஆனால் அவர் போய்ச் சேர்வதற்குள் சாய்ராம் காலை உருவிக்கொண்டு எழுந்து, பேன்ட்டைத் தட்டினான். "ஒண்ணும் இல்ல அங்கிள். கேப் இருக்கு."

கருப்பசாமி குனிந்து பார்த்தார். கிராஷ் கார்டு தரையில் ஊன்றியிருக்க, வண்டி முழுக்கப் படுக்காமல் சரிந்து நின்றது. எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி. அவர் அதற்குள் தன் கையை முழங்கை வரை விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார்.

"அன்னிக்கு இது இல்லாமப் போனதாலதான் உன் கால் மாட்டுச்சா ராமாத்தா?"

"ஆமாங்க. இப்பத்தானே போட்டேன்."

ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வண்டி நகர்ந்ததே தவிர எழவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் ராமாத்தாள். சக்கரம் உருளாமல் இருக்கக் கியரைப் போட்டாள். எழுந்த வண்டி மறுபக்கம் சாய்ந்துவிடாதபடி சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிட்டாள். ஹேண்டிலைக் கடைசி வரை திருப்பி, சீட்டில் முதுகைக் கொடுத்துக் குந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தாள். இருநூற்றுப் பதினேழு கிலோவும் அவள் முதுகோடு எழுந்து, ஸ்டாண்டில் நின்றது. பிரேக் லீவர் மேல் பார்த்துச் சுழன்றிருந்தது. ஒரே தட்டில் அதைச் சரிசெய்தாள். டேங்கில் ஒரு கீறல் இல்லை. கம்பியில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது.

"ஆன்ட்டி, நீங்க ஜிம் போறீங்களா?"

"இல்ல கண்ணு. கையில தூக்கறதில்ல, கால்ல தள்ளறது."

சாய்ராம் வண்டியைச் சுற்றி வந்தான். "கீழ போட்டும் ஒண்ணும் ஆகலைன்னா இதைவிட என்ன வேணும். நானே எடுத்துக்கறேன் அங்கிள்."

ராமாத்தாள் தன் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். கொடுக்கத்தான் வேண்டும். வாக்கு கொடுத்தாயிற்று. அவள் கையை நீட்டியபோது, கருப்பசாமி நடுவில் வந்து அந்தக் கையை மூடினார்.

"மன்னிச்சுக்க தம்பி. வித்துப்போச்சு."

"யாருக்கு அங்கிள்? இப்பதானே..."

"வூட்டுக்குள்ளயே."

சாய்ராம் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான். காபி குடித்துவிட்டு, கிராஷ் கார்டு எங்கே வாங்கியது என்று குறித்துக்கொண்டு போனான்.

அவன் கார் திரும்பியதும் ராமாத்தாள் முந்தானை இல்லாத டீ-ஷர்ட் தோளில் கண்ணைத் துடைத்தாள். கருப்பசாமி அதைப் பார்க்காதவர்போல வண்டியின் பின்பக்கம் குனிந்தார். "இங்கயும் இதே மாதிரி கம்பி வருமா?"

"வருமுங்க. ரெண்டு பக்கமும் வரும்."

"போட்டுரு. அப்பறம் இதை அந்தப் புல்லுல படுக்க வையி. நீ ஓட்டிப் பழகற எடத்துக்கு நானும் வருவேன். உழுந்தா, கை கட்டிட்டு நிக்கறதா?"

அன்று மத்தியானம்வரை கருப்பசாமி அதைத் தூக்க ஏழு தடவை முயன்றார். எட்டாவது தடவை வண்டி எழுந்தது. அவர் இடுப்பும் பிடித்துக்கொண்டது. ராமாத்தாள் தைலம் தேய்த்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, வலிக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் வாங்க ஃபார்மஸிக்கு வண்டியில் கிளம்பினாள்.