மலையோடு குடித்தனம்

தருமன் ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுபவன். மனம் உடைந்து வந்தவர்களைப் பார்த்தால் அவனுக்கு இளப்பம். "காசு குடுத்து அழுதுட்டுப் போறானுங்க" என்பான்.

மகன் கலையரசன் விபத்தில் இறந்து இரண்டு வருடமாயிற்று. அந்தப் பெயரைத் தருமன் வாய் திறந்து சொன்னதில்லை. மனைவி சரோஜாவிடம் மட்டும் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னால், "எனக்கென்ன பைத்தியமா?" என்பான். அதற்குப் பதிலாகப் பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு மலையைச் சுற்றினான். வீறாப்புக்குப் பக்தி என்று பெயர்.

இந்தப் பௌர்ணமியன்று காலையில் சரோஜா பையை எடுத்து வைத்தாள்.

"மாசாமாசம் பதினாலு கிலோமீட்டர் நடக்குறீங்க. பக்கத்துல இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கால் வரல. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க மலையோடயே குடித்தனம் பண்ணுங்க."

தருமன் எழுந்து வாசலில் எதையோ தேடினான்.

"என் செருப்பு எங்க?"

"கிரிவலத்துக்கு எதுக்குங்க செருப்பு?"

"மலைக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு."

மருத்துவர் மகனின் பெயரைக் கேட்டார். தருமன் "கலை" என்று ஆரம்பித்தான். மிச்சத்தைச் சொல்ல அரைமணி நேரம் ஆயிற்று. அரசு மருத்துவமனை என்பதால் அழுததற்குக் காசில்லை. பையை மடியில் வைத்தபடி சரோஜா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.