நைனா வளர்த்த முடி

மணவூரில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, தம்பிமார் மூவரைக் கரையேற்றி, சப்ஜெயிலில் வார்டராக இருபத்தெட்டு வருஷம் உழைத்த எங்கள் நைனா மறைந்து இன்றோடு ஓராண்டு. யுத்தத்தை முன்னிட்டுப் பென்ஷனைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அதைவிடப் பெரிய அதிர்ச்சி இருக்காது என்றுதான் நினைத்தேன்.

நைனாவுக்கு ஒன்று மொட்டை, இல்லாவிட்டால் தோள்வரை முடி. நடுவாந்தரமாக அவரைப் பார்த்தவரில்லை. பக்தி முற்றிவிட்டது என்று நானே முடிவுகட்டி, அந்தத் தலையை வைத்து இரண்டு சிரிப்புக் கட்டுரைகள் எழுதி, அவருக்கே படித்தும் காட்டினேன். பெருந்தன்மையாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் துக்கம் கேட்க கனகம்மாசத்திரத்து வண்டிக்காரர் ஒருவர் வந்தார். முன்பு நைனாவின் காவலில் இருந்தவர். நைனா சாகும்போது தலை மொட்டையா, முடியா என்று கேட்டார். முடி என்றேன். மனுஷர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ உள்ள இன்னும் ஒருத்தன் இருக்கறான். சீக்கிரம் போங்க."

நான் விழித்தேன். பிறகு விவரம் சொன்னார். ஜெயிலுக்கு வந்த புதிதில் உயிரை விடத் தீர்மானித்திருந்தாராம். நைனா பக்கத்தில் உட்கார்ந்து, "சாவணும்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்டிருக்கிறார். கேட்ட பிறகுதான் அழுகையே வந்ததாம். வெளியே வந்ததும் இருவரும் சேர்ந்து மலைக்கோயிலில் முடி கொடுப்பதாக நைனா வேண்டிக்கொள்ள வைத்தாராம். நீ வராமல் நான் முடி இறக்க மாட்டேன், எனக்குத் தலை அரிக்கிறது, சீக்கிரம் வந்து சேர் என்று தினமும் சொல்வாராம்.

எத்தனை மொட்டை! ஒவ்வொன்றும் ஓர் ஆள். ஒரே வீட்டில் சாப்பிட்ட எனக்கு, இரண்டு பீரோ புஸ்தகம் படித்த எனக்கு, இது தெரியாது.

சப்ஜெயிலுக்கு ஓடினேன். வரப்புச் சண்டையில் தம்பியை அடித்து, தம்பி இறந்துபோக, விசாரணைக்காக உள்ளே இருந்தவன் அவன். முடி காதை மறைத்திருந்தது. நைனா போன சேதி அன்று காலைதான் தெரிந்ததாம், கஞ்சியைத் தொடவில்லை. ஊரெல்லாம் நீளும் என் நாக்கு அங்கே எழவில்லை. கடைசியில் நைனா கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஆங்" என்றான். "இனிமே யாருக்காக வளத்துகினு இருக்கறது?"

"பதினாறாம் நாள் எனக்கு மொட்டை போடுவாங்க. அதுக்கப்புறம் நான் வளக்கறேன். நீ வந்தாத்தான் எறக்குவேன்."

அவன் கஞ்சியை இழுத்து வைத்துக்கொண்டான்.

பாடைக்குத் தோள் கொடுத்த பந்துக்களுக்கும், அவனைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளும் வார்டர்களுக்கும், வாரந்தோறும் என்னை உள்ளே விடும் அதிகாரிக்கும், ஓடிவந்து சொன்ன வண்டிக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் தலையைப் பார்த்துச் சீப்பு வாங்கித் தருவதாகச் சொன்ன சித்தப்பாவுக்கும் நன்றி.

வழக்கு இன்னும் முடியவில்லை. முந்தாநாளும் போய் நைனாவின் அதே கேள்வியைக் கேட்டேன்.

"இல்லண்ணா" என்றான்.