மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

இனாமாக வந்த காரை வேண்டாம் என்று சொன்ன ஒரே மனிதர் எங்கள் டிரைவிங் மாஸ்டராகத்தான் இருக்க வேண்டும். அவருடைய மச்சினன் வேலை மாற்றலாகி வெளிநாடு போகிறான். மூன்று வருடம்கூட ஓடாத தன் காரை அக்கா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போவதாகச் சொன்னான். "கண்ண மூடிக்கிட்டு வாங்கிக்கோங்க மாமா" என்றான். மாஸ்டர் கண்ணையும் மூடவில்லை, காரையும் வாங்கிக்கொள்ளவில்லை. "ஆமை இருக்குல்ல, அது போதும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆமை என்பது அவருடைய கார். பழக வந்தவர்கள் வைத்த பெயர். இருபத்தொரு வயது. கியர் மாற்றினால் ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டுத்தான் நகரும். மாஸ்டர் உட்காரும் பக்கத்துக் கதவு வெளியிலிருந்து மட்டுமே திறக்கும். ஓட்டுகிறவர் இறங்கிச் சுற்றி வந்து திறந்துவிட வேண்டும். 'குருவுக்கு மரியாதை' என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மாஸ்டரின் கால் வண்டியை நிறுத்திவிடும். அந்தக் காலுக்கு வேறு வேலை தெரியாது. பஸ்ஸில் போனாலும் மிதிக்கும், டிவியில் கார் துரத்தல் வந்தாலும் மிதிக்கும். "டிவிக்கெல்லாம் பிரேக் போடாதீங்க, தரை தேஞ்சிடும்" என்பாள் மனைவி.

தரை தேய்ந்தது வீட்டில் அல்ல, காரில். ஒரு மழை நாளில் மாஸ்டரின் செருப்பு நனைந்தது. காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் கீழே ரோடு ஓடிக்கொண்டிருக்கிறது. துரு அடித்தளத்தைத் தின்றுவிட்டது. அவருடைய பிரேக் பெடல் ஏதோ பழைய உறவுக்காக மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலிய வர்ற சீதேவிய யாராச்சும் காலால எட்டி ஒதைப்பாங்களா?" என்று மனைவி கேட்டாள். "என் தம்பி குடுக்கறதுனாலயா? அப்படின்னா சொல்லிடுங்க."

"அதெல்லாம் இல்ல."

"பின்ன என்னதாங்க?"

மாஸ்டர் நனைந்த செருப்பைத் துடைக்க ஆரம்பித்தார். சொல்ல முடியாத பதில் ஒன்று இருந்தது. அதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பழக்கும் வண்டியை மாற்றினால், பழக்குகிறவரின் உரிமத்தையும் புதிதாக எழுத வேண்டும். எங்கள் ஊரில் அது விதி. புதிதாக எழுத வேண்டுமென்றால் போக்குவரத்து அலுவலகத்தின் கோடி அறையில் போய் உட்கார்ந்து கண்ணைக் காட்ட வேண்டும். பழைய வண்டி ஓடுகிறவரை பழைய உரிமம் செல்லும், இன்னும் நான்கு வருடத்துக்கு. மாஸ்டரின் கண் நான்கு நிமிடம்கூடத் தாங்காது.

இரண்டு வருடமாகவே அவருக்குப் பக்கவாட்டில் பார்வை இல்லை. நேரே பார்த்தால் தெரியும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுமே இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார் டாக்டர். "நீங்க ஓட்டக் கூடாது. ஓட்டுறவங்களுக்குப் பொறுப்பாவும் உட்காரக் கூடாது" என்று அழுத்திச் சொன்னார். மாஸ்டர் மாடு மாதிரித் தலையாட்டினார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு மாணவர் காத்திருந்தார். மாஸ்டர் போய் ஏறி உட்கார்ந்தார்.

மனைவியிடம் கண்ணில் தூசி அலர்ஜி என்றார். அவளும் நம்பினாள். தினமும் காலையில் அவர் மோவாயை நிமிர்த்திப் பிடித்து, "சிமிட்டாதீங்க, சின்னப் பிள்ளை மாதிரி" என்று திட்டிக்கொண்டே மருந்து விடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளே அள்ளி அள்ளிச் சோறு போட்டாள், பாவம்.

இத்தனை நாள் தப்பித்தது எப்படி என்று கேட்பீர்கள். மாஸ்டருக்கு ஒரு பாடமுறை உண்டு. கண்ணில் பட்டதெல்லாம் வாயில் வர வேண்டும். 'முன்னாடி சைக்கிள், இடது பக்கம் நாய், தூரத்துல சிக்னல், சிவப்பு' என்று ஓட்டுகிறவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். சொன்னால் கவனம் தப்பாது என்பது அவர் கட்சி. உண்மையும்கூட. அவரிடம் பழகியவர்களை ரோட்டில் உதட்டசைவை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஒரு மனிதர் வந்து, "மாஸ்டர், என் வீட்டுக்காரி இப்ப கடையில தள்ளுவண்டிய தள்ளும்போதும் சொல்லிக்கிட்டே வர்றா, மானம் போகுது" என்று புலம்பிவிட்டுப் போனார். அப்படி நல்லதற்காக ஆரம்பித்த பாடம், இந்த இரண்டு வருடமாக மாஸ்டருக்கு மாற்றுக் கண்ணாகிவிட்டது. அவர்கள் சொல்லச் சொல்ல இவர் பார்த்தார்.

இது தப்பு. நான் சொல்ல வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு என்ன தெரியும்? அவர் சொந்தப் பெயரைக்கூட ஊர் மறந்துவிட்டது. மாஸ்டர் என்பது போய்விட்டால் மிச்சமாக யார் இருப்பார்? பயம்தான். வேறு அழகான பெயர் எதுவும் அதற்குக் கிடையாது.

ஆகவே பட்டறைக்குப் போனார். பட்டறைக்காரர் அவருடைய சேக்காளி. ஆமையில் பழகிய முதல் ஆளும் அவர்தான். காரின் அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பத்த வைக்கணும்னா ரெண்டு பக்கமும் இரும்பு இருக்கணும்யா. இங்க இருக்கறது துரு. ஓட்டையோட ஓட்டைய ஒட்டச் சொல்றியா?"

"எப்படியாச்சும் செஞ்சு குடு."

"இனாமா ஒரு கார் வருதாமே. பெடலக் கழட்டி அதுல மாட்டித் தர்றேன், அரை நாள் வேலை."

"வேண்டாம். இதையே செய்."

"யோவ், உனக்கென்ன கிறுக்கா?"

"உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்" என்றார் மாஸ்டர். இத்தனை வருடத்தில் அந்த ஆள் எதையும் கெஞ்சிப் பட்டறைக்காரர் பார்த்ததில்லை. ஆமையின் மேல் அவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டார். நான்கு நாள் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். துருப்பிடித்ததை வெட்டி எறிந்து, சட்டத்துக்குச் சட்டம் புதுத் தகடு கொடுத்து, அதன்மேல் நான்கு போல்ட் போட்டுப் பெடலை நிறுத்தினார். "வண்டி நாளைக்கே ரெண்டாப் பிளந்தாலும் இந்தப் பெடல் மட்டும் அசையாது" என்றார். அவர் வேலைமேல் அவருக்கு அப்படியொரு கர்வம்.

மறுநாள் காலை தையல்காரம்மாவின் முறை. பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள். மூட்டைகளைத் தானே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும் என்று ஓட்டப் பழகினாள். கெட்டிக்காரி, ஆனால் பேச்சு குறைவு. தைக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டே இருபது வருடம் வேலை செய்தவள். கவனம் கூடினால் ஊசி இல்லாவிட்டாலும் உதடு தானாக இறுகிவிடும். மாஸ்டர் பத்து தடவையாவது, "ஊசியத் துப்பிட்டுச் சொல்லும்மா" என்று கிண்டல் செய்திருக்கிறார்.

பள்ளிக்கூடத் தெருவில் திரும்பினார்கள். "வலது பக்கம் தள்ளுவண்டி" என்றாள். "ரெண்டு சைக்கிள். முன்னாடி இடது பக்கம் பஸ் நிக்குது. ஆள் இறங்கறாங்க."

அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் இல்லையென்றால் ரோடு காலி என்றுதான் மாஸ்டரின் காலுக்குத் தெரியும். கால் சும்மா இருந்தது. அடுத்த கணம் வண்டி குலுங்கி நின்றது, மாஸ்டரின் நெற்றி போய்க் கண்ணாடியில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு சிறுமி. பஸ்ஸின் மறைவிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். அவள் முதுகுப் பைக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். சிறுமி இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பள்ளிக்குள் ஓடிப்போனாள்.

தையல்காரம்மாவின் உதடு வெளுத்து இறுகியிருந்தது. அது பிரிய நேரமாயிற்று.

"நான்தான் பிரேக் போட்டேன். நீங்க போடவே இல்லையே மாஸ்டர்?"

"பெடல் இறங்கலம்மா" என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நேத்துதான் பத்த வச்சான். சரியா வைக்கல போல."

"அப்ப வாங்க, இப்பவே போய்க் கேப்போம்" என்றாள் அவள். நேர்மையான மனுஷி. பட்டறை அடுத்த தெருவில்தான். வண்டியை ஓரங்கட்டி, சுற்றி வந்து மாஸ்டரை இறக்கி, பூட்டிவிட்டு முன்னால் நடந்தாள். மாஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செய்யாத குற்றத்துக்காகத் தன் சேக்காளி தலைகுனியப் போகிறான் என்று தெரிந்தும் பின்னாலேயே போனார்.

பட்டறைக்காரர் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று வந்து காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டறைக்குள் நிறுத்தினார். பெடலைக் கையால் அழுத்தினார், காலால் மிதித்தார், சுத்தியலால் தட்டினார். பற்றவைத்த தகடு அசையவில்லை. பெடல் மிதித்தபோதெல்லாம் இறங்கிப் பிடித்தது.

"எங்கய்யா கோளாறு? எங்கே?" மாஸ்டரின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு ஸ்பானரை நீட்டினார். "இந்தா, நீயே கழட்டிப் பாத்துச் சொல்லு."

மாஸ்டர் நேரே காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிடிய்யா!"

"எதை?" என்றார் மாஸ்டர்.

ஸ்பானர் அவர் காதுக்குப் பக்கத்தில் அந்தரத்தில் நின்றது. தையல்காரம்மா அதைப் பார்த்தாள். பட்டறைக்காரரும் தன் கையைப் பார்த்தார். பிறகு கையை மெதுவாக முன்பக்கம் நகர்த்தினார். மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் மாஸ்டர் திடுக்கிட்டு அதைப் பிடித்தார்.

"எத்தன நாளா?" பட்டறைக்காரரின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ரெண்டு வருஷம்."

"அதுக்கா என்னை நாலு நாள் தரையில போட்டுப் புரட்டின?"

"தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சுடா. என்ன செய்யறதுன்னே தெரியல." மாஸ்டர் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து அழுதார். வெட்கமில்லாமல், சத்தம் போட்டு அழுதார்.

தையல்காரம்மா அவரைத் தேற்றவில்லை. "என் பொண்ணும் அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறா மாஸ்டர்" என்றாள். "நான் சொல்லாம விட்டது என் தப்பு. நீங்க சொல்லாம விட்டது?" பதிலுக்குக் காத்திராமல் தன் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். அவள் போன திசையில் மாஸ்டர் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார். கிடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மாஸ்டர் எழுந்தார். ஸ்பானர் இன்னும் கையில் இருந்தது. காருக்குள் குனிந்து, தடவித் தடவி, பெடலின் நான்கு போல்ட்டுகளையும் தானே கழற்றினார். அதற்குக் கண் தேவைப்படவில்லை. கழற்றிய பெடலைப் பட்டறை மேஜைமேல் வைத்தார்.

பட்டறைக்காரர்தான் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கையில் மாஸ்டர். கொஞ்ச தூரம் போனதும் பட்டறைக்காரர் தொண்டையைச் செருமினார், ஆமையைப்போலவே.

"முன்னாடி சிக்னல். பச்சை" என்றார்.

"விடுடா."

"வலது பக்கம் ஒரு பெரியவர், கையில குடை. இடது பக்கம் பால் வண்டி, நிக்குது." அவர் நிறுத்தவில்லை. முதன்முதலாகப் பழகிய நாளில் சொன்னதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தன் தெருவை இரண்டு வருடமாக முழுசாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உன் வீடு வந்திருச்சு" என்ற குரல் தயங்கியது. "வாசல்ல ஒரு கார் நிக்குது. புதுசு மாதிரி இருக்கு. உன் மச்சினன் கொண்டாந்து விட்டுட்டுப் போயிருக்கான்போல."

"ம்."

"தங்கச்சி துணிய வச்சுத் தொடச்சிக்கிட்டு இருக்கு. நம்மளப் பாத்திருச்சு. சிரிக்குது."

மாஸ்டரின் கால் பலமாக மிதித்தது. அங்கே பெடல் இல்லை. கார் தன்பாட்டுக்குப் போய் வாசலில் நின்றது.

மனைவி ஓடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்க, நான்தான் கொண்டுவந்து விடச் சொன்னேன். நாளைக்கே ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் மாத்தி எழுதிட்டு வந்துடலாம், நானும் கூட வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள்.

மாஸ்டர் இறங்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்க நிக்கிற?" என்று கேட்டார்.

"என்ன கேள்விங்க இது? இதோ, பக்கத்துலதானே நிக்கிறேன்."

"அதான்" என்றார் மாஸ்டர். "அதான் எனக்குத் தெரியல."