பிளாஸ்டிக் நாற்காலியில் பாவசங்கீர்த்தனம்

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மாதா கோவிலின் பின்பக்கம் கை கழுவப் போனேன். அங்கே தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற மரக்கூண்டு. கரையான் அரித்துவிட்டதாம். தார்ப்பாயைத் தூக்கி, சாமியாருக்கும் நமக்கும் நடுவில் இருக்குமே, அந்த ஓட்டைப் பலகை, அதில் மூக்கை வைத்துப் பார்த்தேன். இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் கேட்கலாம். அடித்தது மர வாசனை இல்லை, தேங்காயெண்ணெய் வாசனை. எத்தனை தலை அதில் முட்டிக்கொண்டு முணுமுணுத்திருக்கும்! என் தலையும் அதில் ஒன்று.

தொட்டிக்குப் பதிலாக இப்போது கோவிலுக்குள் ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் சாமியார், எதிரில் நாம். நடுவில் மறைப்பு ஒன்றும் கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலம் முடிவதற்குள் அதில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு வந்திருந்தேன். கை கழுவப் போனதெல்லாம் சாக்கு.

விஷயம் இதுதான். அம்மா இறந்ததிலிருந்து நான் நன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பம், வாங்குவதில்லை. பூசைக்குப் போவேன், பாட்டெல்லாம் பாடுவேன். நன்மைக்கு வரிசை எழும்பும்போது மட்டும் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தபடியே காலைப் பக்கவாட்டில் மடக்கி, மற்றவர்களுக்கு வழி விடுவேன். வருஷக்கணக்காக இதே வேலை. இந்த உயிர்த்த ஞாயிறுக்காவது நானும் எழுந்து போக வேண்டும். அதற்கு முன்னால் அந்த நாற்காலி.

தேங்காயெண்ணெய் என்றதும், சின்ன வயசில் முதல்முதலாக நன்மை வாங்குவதற்கு எங்களுக்குப் புதுநன்மை வகுப்பு எடுத்த மடத்து சிஸ்டர் ஞாபகத்துக்கு வருகிறார். எண்ணெய் வழியும் தலைகளாக நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சிஸ்டரே பாவங்களை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். பொய் சொன்னேன், செபம் சொல்ல மறந்தேன், கோவிலில் பராக்குப் பார்த்தேன், தம்பியை அடித்தேன், அம்மா பேச்சைக் கேட்கவில்லை. தம்பி இல்லாத பிள்ளைகளும் தம்பியை அடித்தேன் என்றே சொல்லி மன்னிப்பு வாங்கினார்கள்.

பெரியவனானதும் தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை, புடவை செக்‌ஷன். புதுப் புடவையின் கஞ்சி வாசனை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் நெரியும். விடிகாலைப் பூசையில் வாசலோரம் நின்று, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். அம்மா கேட்பாள், "ஏன்டா, சாமி உன்னை அனுப்பினாரா, நீயா வந்துட்டியா?"

அப்படிக் கேட்ட அம்மா படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மந்தைவெளி வீட்டில் தைல வாசனைக்கு நடுவே அவள் கேட்டது ஒன்றுதான்.

"சாமியாரைக் கூப்புடுடா. பூசிட்டுப் போகட்டும்."

நோயாளிக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசுவது தெம்புக்காகத்தான். கோவிலில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் சனங்களுக்கு அது மனசில் ஏறாது. பூசினால் முடிந்தது கதை என்று பயம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பூசிய பிறகு எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். அதைப் பார்த்த பிறகும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

"இன்னாம்மா நீ, அதுக்குள்ள இன்னா அவசரம்? ஆடித் தள்ளுபடி முடியட்டும், கூட்டினு வரேன்."

"தள்ளுபடி முடியறவரைக்கும் நான் இருக்கணுமேடா" என்று சிரித்தாள்.

இருக்கவில்லை. தள்ளுபடி நடந்துகொண்டிருந்த ஒரு நாள், புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பூசுதல் இல்லாமலே போய்விட்டாள். அவள் பிழைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன், சாமி சத்தியமாக. ஆனாலும் கடைசியாகக் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, நான் மட்டும் போய் நன்மைக்கு நாக்கை நீட்டுவதா?

சனிக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரில் என் மகன் வயசுச் சாமியார். முகத்துக்கு முகம் பார்த்ததும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வாய்ப்பாடு தானாக வந்துவிட்டது, அதே ராகத்தோடு.

"தம்பி எங்க இருக்காரு?" என்றார் சாமியார்.

"துபாய்ல, சாமி."

"அங்க போயா அடிச்சீங்க?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து, "அம்மா?" என்றார்.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் அடைத்து வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

"அம்மா கேட்டது உங்களுக்கே இவ்வளவு ஞாபகம் இருக்கு. ஆண்டவருக்கு மறந்திருக்குமா?" என்று மட்டும் சாமியார் சொன்னார். பாவ மன்னிப்புக் கொடுத்தார். பாவத்துக்குப் பரிகாரமாகச் செய்ய வேண்டிய அபராதம், அம்மா கல்லறைக்குப் போய் ஒரு செபமாலை சொல்வது.

இதுதானா, சுலபம் என்று திங்கட்கிழமை போனேன். எல்லாரும் தங்கள் கல்லறைகளுக்குப் போகிற கல்லறைத் திருநாள் வருவதோ தீபாவளி வியாபார சமயம், கடையில் லீவு கிடைக்காது. அதனால் நான் அங்கே போயே பல வருஷம் ஆகிவிட்டது. வேப்பமரத்தடி என்பது மட்டும் நினைவு. மரத்தைக் காணோம். கல்லறை பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கேட்டேன்.

"மரமா? அது புயல்ல சாஞ்சி, வெறகாகி, சாம்பலாவே பூட்டுது நைனா."

"அங்கதாம்பா எங்க அம்மா..."

"மண்ணுக்குயிதான, கல்லு கட்டாதது? யாரும் வராங்காட்டி வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. இந்த வரிசை பூரா புது ஆளுங்கதான் கீறாங்க. இத்தினி வருசம் எங்க போயிருந்த?"

கல்லறையே இல்லை என்றால் அபராதத்தை எங்கே தீர்ப்பது? அபராதம் தீராமல் எப்படி நன்மை வாங்குவது? வெயிலில் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு புதுக் கல்லறைக்குச் சாமந்தி போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்குண்ணே வந்தீங்க?"

"எங்க அம்மாவுக்கும்மா. இங்கதான் இருந்தாங்க."

"எங்க வீட்டுக்காரரு எடத்துலயா?"

"தெரியலம்மா. பக்கத்துலயும் இருக்கலாம்."

அவர் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தார். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆரம்பிங்கண்ணே, நான் பின்பாதி சொல்றேன்" என்றார்.

இரண்டு பேருமாக மாறி மாறிச் சொல்லி முடித்தோம். அம்மா பேர் எழுதியிருந்த சிமெண்டுச் சிலுவையை எந்த மூலையில் போட்டார்களோ. அதையாவது ஒருமுறை தொட்டுப் பார்த்திருக்கலாம். அந்தப் பெண் மிச்சமிருந்த பூவை அள்ளிக்கொண்டு, "உங்க அம்மாவுது எந்த எடம்ணே?" என்றார். எனக்குத் தெரிந்தால்தானே. கையைப் பொதுவாக வீசி, இந்தப் பக்கம் என்றேன். அவர் அந்த வரிசை நெடுக, ஒரு கல்லறை விடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே போனார்.