ஒரு சென்ரிமீற்றர் கட்டை

மூன்று வருடமாக எனக்கு வலது இடுப்பில் வலி இருந்தது. கல்முனையில் கணிதம் படிப்பிக்கிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. எண்ணெய் பூசினேன், பெல்ட் கட்டினேன், புது மெத்தை வாங்கினோம். மெத்தையில் என் கணவர் நன்றாகத் தூங்கினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லி, டொக்டர் என்னை பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தது ஓர் இளம் தமிழ்ப் பெண். என் இடுப்பை அவர் தொடவே இல்லை.

"டீச்சர், செருப்பக் கழட்டித் தாங்க."

இரண்டையும் கவிழ்த்து வைத்து, நான் விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்தார். இடது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு, அபாயாவை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக ஆறு தடவை நடந்தேன். அதுவரை என் நடை எனக்கு மட்டும் சொந்தமானதாக இருந்தது.

கட்டிலில் படுக்க வைத்து, நாடாவால் இரண்டு கால்களையும் அளந்தார்.

"இடது கால் ஒரு சென்ரிமீற்றர் கட்டை, டீச்சர்."

"எப்ப இருந்து மகள்?"

"சின்னதில இருந்தே இருக்கும். இவ்வளவு நாளும் இடுப்புதான் அதச் சமாளிச்சிருக்கு."

இருபது வருடமாக அளவீடு படிப்பிக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, நிந்தவூரில் இருக்கும் உம்மாவுக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"கட்டையும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் பெத்த நேரம் ரெண்டும் சரியாத்தான் இருந்த" என்றார். பிறகு, "சாய்ஞ்சு நடக்காத எண்டு உனக்கு எத்தின அடி போட்டிருப்பன்" என்றார்.

அவை எனக்கும் ஞாபகம் இருந்தன. "அதெல்லாம் நோகல்ல உம்மா" என்றேன்.

இடது செருப்புக்கு அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும். முதலில் பாதி உயரம், ஒரு மாதம் கழித்து மீதி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தேன்.

"மற்றதுக்கு?"

"மற்றது வேணாம்."

"ஒண்டுக்கு மட்டுமா?"

"ஓம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், ஒட்டித் தந்தார்.

மீதி உயரமும் ஒட்டியான பிறகு, ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். வாசலில் நூறு சோடி கறுப்புச் செருப்புகள் கிடந்தன. திரும்பும்போது என்னுடையதைக் காணவில்லை. அதே மாதிரி இன்னொரு சோடி கிடந்தது. இரண்டும் சம உயரம். அதைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள், அதே கல்யாணத்துக்கு வந்திருந்த என் கணவரின் தங்கை போன் எடுத்தார்.

"மச்சி, எனக்கு ஒரு பக்கம் இழுக்குது. நடந்தா சாயுறன். பாரிசவாதமோ தெரியா. இரத்தமும் சோதிக்கக் குடுத்திட்டன்."

"வீட்டுக்குள்ளயும் சாயுதா?"

யோசித்தார். "இல்ல. வெளிய போனா மட்டும்தான்."

"செருப்பக் கொண்டு வாங்க மச்சி" என்றேன்.

கொண்டு வந்தார். காரணத்தைச் சொன்னதும் என் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். மூன்று நாளும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்றே யோசித்துக்கொண்டிருந்தாராம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது என் இடுப்பு வலி போய்விட்டது. மேல்மாடி வகுப்புக்கு மணி அடித்ததும் போய்ச் சேர்கிறேன். பிள்ளைகளுக்கு அதில் பெரிய சந்தோசம் இல்லை.