பிராகைப் பார்க்காத பிராக் டிரைவர்

எங்கள் ஒபோலே நகரத்தில் ரிஷார்டைக் கேட்காமல் யாரும் செக் நாட்டுப் பிராக் நகருக்குக் கிளம்பியதில்லை. இருபத்தாறு வருடம் சுற்றுலாப் பஸ் ஓட்டிய மனிதர். மே மாதத் தொடக்கத்தில் விடுமுறைகள் சேர்ந்தாற்போல் வந்தால் போதும், போலந்தே பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடும். ரிஷார்டும் ஸ்டியரிங்கைப் பிடித்துவிடுவார்.

எங்கே நல்ல பியர் கிடைக்கும், பாலத்தில் எந்தச் சிலையைத் தொட வேண்டும் என்று அவர் அளக்காத அளப்பில்லை. ஆனால் அவர் பிராகைப் பார்த்ததே கிடையாது. பயணிகளை இறக்கிவிட்டு, ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்திவிட்டு, பின்சீட்டில் குறுக்கே படுத்துத் தூங்குவார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த பிராகெல்லாம் திரும்பி வரும் வழியில் பயணிகள் பேசிக்கொண்ட பேச்சுதான்.

முதல் பயணம் முடிந்து வந்த அன்று மனைவி ஹலினா, "என்னென்ன பாத்தே?" என்று ஆசையாகக் கேட்டாள். பார்த்தது பஸ் நிற்கும் மைதானமும் ஒரு தட்டுப் பன்றிக்கறி வறுவலும். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "அங்க ஒரு பழைய கடிகாரத்துல மணி அடிச்சா, ஏசுவோட சீடருங்க பன்னெண்டு பேரும் வரிசையா எட்டிப் பாக்கறாங்க" என்று காதில் விழுந்ததை எடுத்துவிட்டார். ஹலினா சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அந்த முகத்துக்காகவே பிறகும் புளுகிக்கொண்டே போனார்.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த மே மாதம், ஹலினா இரண்டு ரயில் டிக்கெட்டோடு வந்து நின்றாள்.

"கைடெல்லாம் வேண்டாம், ரிஷு. நீ சொன்னதையெல்லாம் நீயே காட்டு."

ரிஷார்ட் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுபத்தாறு வயதில் மனைவி முன்னால் பொய்யனாக நிற்பதா?

பிராகில் தலைகால் புரியவில்லை. ஒரே பொம்மைக்கடையை மூன்று தடவை கடந்தார்கள். வழி கேட்டால், போலிஷுக்கு உறவான செக் பேச்சு பாதி விளங்கியது, பாதி சிரிப்பு மூட்டியது. கடைசியில் கூட்டமே அவர்களைத் தள்ளிக்கொண்டு போய்ப் பாலத்தில் விட்டது.

"சரி, கடிகாரம் எங்கே?" என்றாள் ஹலினா.

"எந்தக் கடிகாரம்?"

"பாலத்து மேலதான் இருக்கு, கீழே அன்னம் நீந்தும்னு சொன்னியே?"

ஒரு பயணி சொன்ன ஊர்ச் சதுக்கத்துக் கடிகாரத்தையும் இன்னொருவர் சொன்ன ஆற்றையும் எந்த வருடம் ஒட்டுப்போட்டோம் என்று அவருக்கே நினைவில்லை.

"மாத்தி வெச்சுட்டாங்க போல."

"அறுநூறு வருஷத்துக் கடிகாரத்தையா?"

"செக் நாட்டுக்காரங்க எதையும் செய்வாங்க, ஹலிங்கா."

ஹலினா கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ரிஷார்ட் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடித்தவர் அல்ல. மைதானம், பின்சீட்டு, தூக்கம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

திட்டுவாள், இல்லாவிட்டால் சிரிப்பாள் என்று நினைத்தார். ஹலினா பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"ஒரு கடிகாரத்துக்கா இப்படி அழறே? பொய்தானே சொன்னேன், வேற ஒருத்திகூடவா சுத்தினேன்?"

"வாயை மூடு. ஒவ்வொரு லீவுக்கும் பிள்ளைங்களோட தனியாக் கிடந்தேன். இந்த வேலையை விட்டுட்டு உள்ளூர் பஸ் ஓட்டுன்னு சொல்ல எத்தனை தடவை வாயெடுத்தேன் தெரியுமா? நீ முகமெல்லாம் சிரிப்பா ஊர்க்கதை சொல்லுவே. அந்தச் சந்தோஷத்தை எப்படிப் பிடுங்கறதுன்னு முழுங்கிட்டேன்."

ரிஷார்ட் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"எனக்கு அந்த வேலையே பிடிக்கல, ஹலிங்கா. உள்ளூர் பஸ்ஸுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. உனக்குக் கதை கேக்கக் கிடைக்காதேன்னுதான் நான் போகல."

ஹலினா அழுகையை நிறுத்தினாள். யார்மேல் கோபப்படுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.